அந்த வண்டியில் இல்லாத எண்ணெய்

அனு, அகில், லாரன்ஸ் மாமன் ஏன் இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். கடற்கரையில் படகு எஞ்சின் வேலை கூடிப்போயிற்று என்று நான் சொன்னேன், உங்கள் அம்மை வேறொன்று சொன்னாள். இரண்டும் உண்மையல்ல. உண்மையை வாயால் சொல்லத் தொடங்கினால் அனு பாதியில் சிரித்துவிடுவாள், நானும் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் பாறசாலையில் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு வரை போனவன், அதற்கு மேல் படித்ததெல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து படித்ததுதான். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் மாடன், யட்சி, கண்ணேறு எதையும் நம்புகிறவன் அல்ல. புது வண்டி எடுத்தவர்கள் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போதுகூட, பழத்தை வீணாக்காமல் சர்பத் போடலாமே என்று கேட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் கீழே கிடந்தால் மேலே எங்கோ அதற்கு ஒரு வழி இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் தேடினவன் சரியில்லை. இருபத்து மூன்று வருடம் இந்த ஒரு நம்பிக்கையில்தான் நான் கஞ்சி குடித்தேன். இன்றும் மாறவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நெய்யாற்றின்கரை டவுணில் இருக்கிற ஒரு பல் டாக்டருக்குப் பழைய வண்டி என்றால் பைத்தியம். அவர் ஒரு இடவப்பாதி மழைக்காலத்தில் இங்கிலீஷ்காரன் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே கூரைக்குப் பதில் ஒரு மடக்குத் துணி. உட்கார்ந்தால் தரையில் சம்மணம் போட்டது போல இருக்கும், ரோட்டில் போகிற கோழி நம்மைக் குனிந்து பார்க்கும். காரக்கோணம் தாண்டி ஒரு வீட்டு ஷெட்டில் பதினோரு வருடம் ஓடாமல் கிடந்த வண்டியாம். திருவனந்தபுரத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி ஒன்று வருகிறது, அதற்குள் ஓட வேண்டும், கீழே ஒரு சொட்டு எண்ணெய் விழக்கூடாது என்று சொல்லி நம் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் பத்து நாள் இருந்தது.

நம் ஒர்க்‌ஷாப் என்று சொன்னேன், அது எனக்கும் லாரன்ஸுக்கும் சேர்ந்தது. பதினாலு வருடம் ஒரே கூரைக்குக் கீழே நின்றோம். அவர் பொழியூர்க் கடற்கரைக்காரர், வள்ளங்களின் எஞ்சினில் கை பழகி வந்தவர். காலையில் முதலில் வந்து திறப்பது அவர், சாயங்காலம் பூட்டுவது நான். உங்கள் அம்மை அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால்தான் உங்களுக்கு அவர் மாமன் ஆனார்.

வண்டியில் பழைய எண்ணெயெல்லாம் கரித் தண்ணீர் மாதிரி இருந்தது. அதை ஒட்ட வடித்து, உள்ளே அலசி, புது எண்ணெய் ஊற்றினோம். புது எண்ணெய் தேன் நிறம். இதை மட்டும் மறக்காமல் வையுங்கள், வண்டிக்குள் இருந்தது தேன் நிற எண்ணெய். மேல்மூடி, அடித்தட்டு எல்லாவற்றுக்கும் புது கேஸ்கட் வெட்டிப் போட்டோம். அப்படியும் ஒரு இடத்தில் சொட்டியது. எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச் உட்கார்ந்திருக்கிற கூட்டின் அடியில் சுண்டுவிரல் நுழையாத ஒரு ஓட்டை, அதிலிருந்து.

அதை அடைத்தால் தீர்ந்தது என்றேன் நான். லாரன்ஸ் அடியில் கிடந்தபடியே தலையாட்டினார்.

"சசி, இது தானா விழுந்த ஓட்டை இல்ல, வேணும்னு வச்ச ஓட்டையாக்கும். உள்ள பின்பக்க சீல் போயிருக்கு. கசியுற எண்ணெய் கிளட்சுல படாம வெளிய போகட்டுன்னு வச்சிருக்கான். எஞ்சினை இறக்கணும். ஓட்டைய மட்டும் அடைக்காண்டாம், கேட்டியா."

எஞ்சினை இறக்கினால் கண்காட்சி தப்பிவிடும். டாக்டர் ஊரெல்லாம் பேசுகிற ஆள், இந்த ஒரு வண்டி நன்றாக நின்றால் இன்னும் பத்துப் பழைய வண்டி வரும் என்று எனக்கு ஒரு ஆசை. திங்கள்கிழமை லாரன்ஸ் போன பிறகு, குழாய் ஒழுக்கை அடைக்கிற இரண்டு களிம்பையும் ஒன்றாகப் பிசைந்து அந்த ஓட்டையில் வைத்து அழுத்திவிட்டேன். கல் மாதிரி இறுகிவிட்டது. நாங்கள் பழகினதெல்லாம் நம் நாட்டு வண்டியில், ஒழுகினால் அடைப்போம், நின்றால் ஜெயித்தோம் என்று நினைப்போம். செவ்வாய்க்கிழமை லாரன்ஸ் அதைப் பார்த்தார். சண்டை போடவில்லை. "அடைச்சிட்டியா, சரி, ரெண்டு நாள் கழியட்டு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் என் நெஞ்சில் முள் மாதிரி நின்றுவிட்டது.

வியாழக்கிழமை பொழியூரில் கடல் ஏறிவிட்டது, லாரன்ஸ் வர நேரமாகும் என்று போன் செய்தார். அதனால் நான் போய்த் திறந்தேன். வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். கருப்பு. நன்றாகக் கரிந்த பழைய எண்ணெய். எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், உள்ளே தேன் நிறம். ஓட்டையில் வைத்த களிம்பு காய்ந்து சுத்தமாக இருந்தது. வண்டிக்குள் இல்லாத எண்ணெய் வண்டியிலிருந்து எப்படி விழும்? மனுஷன் கொண்டு ஊற்றினால்தான் விழும். மூலையில் வேஸ்ட் ஆயில் டிரம் நின்றது. சாவி இருப்பது இரண்டே பேரிடம்.

லாரன்ஸ் தான் சொன்னது சரி என்று வர வேண்டும் என்பதற்காக அவரே ஊற்றுகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது என்றால் மெதுவாக இல்லை, ஒரே நிமிடத்தில். பதினாலு வருடத்தை அந்த ஒரு நிமிடம் தின்றுவிட்டது, மக்களே.

ஆனாலும் நான் தொழில்காரன் ஆயிற்றே, பரிசோதனை செய்தேன். எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை அடியெல்லாம் தூவிவிட்டு ஓட விட வேண்டும், எங்கே கசிகிறதோ அங்கே பவுடரில் ஈரக் கோடு விழும். அகிலின் பவுடர் டப்பாவை அன்றைக்குத்தான் நான் எடுத்துப் போனேன், நீ அழுதாய். அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது. பவுடரில் ஒரு கோடும் விழவில்லை, கல்யாணப் பெண் முகம் மாதிரி வெள்ளையாக இருந்தது. சாயங்காலம் தரையைத் துடைத்துவிட்டு, வேறு பூட்டு வாங்கிப் பூட்டினேன். மத்தியானம் வந்து வேலை பார்த்துவிட்டுப் போன லாரன்ஸிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போகும்போது அவர் வாசலில் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நின்றார்.

"பூட்டு மாத்தினியா?"

"மாத்தினேன்."

"எனக்கிட்ட சொல்லலியே."

"சொல்லாம மாத்தினாத்தானே தெரியும்."

திறந்தேன். அடியில் கருப்பு எண்ணெய், முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். வண்டியின் அடியில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. உங்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும், பூட்டு புதுசு, சாவி அப்பாவிடம், அப்புறம் மாமன் எப்படி ஊற்றியிருப்பார் என்று. எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ஒருத்தனைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால் பூட்டும் சாவியும் ஒன்றுமில்லை, மனசு கூரைத் தகரத்தைப் பிரித்துக்கூட அவனை உள்ளே கொண்டுவந்துவிடும்.

"நேத்து சாயங்காலம் எங்கேயாவது இடுக்குல ஊத்தி வச்சிட்டுப் போயிருப்ப, விடியும்போ வடிஞ்சிருக்கும். நீ சொன்னது சரின்னு வரணும், அதுக்குத்தானே லாரன்ஸு."

அவர் பழைய சாவியை மேசையில் வைத்தார். நம் ஊரில் யாரும் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், வாறேன் என்றுதான் சொல்வார்கள், அது உங்களுக்கே தெரியும். அவர், "சரி சசி, போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

சனிக்கிழமை காலையிலும் எண்ணெய் கிடந்தது. நான் துடைக்கக்கூட இல்லை. இந்தச் சனியனை இன்றைக்கே டாக்டர் வீட்டில் விட்டுவிட்டால் நிம்மதி என்று வண்டியை எடுத்தேன். ஒன்பது மணி வரை பெய்த மழை அப்போதுதான் வெறித்திருந்தது, ரோடு கழுவிவிட்டது போல இருந்தது. நான் போக வேண்டியது பெரிய ரோட்டில் ஏறி, அமரவிளைப் பாலம் தாண்டி, நெய்யாற்றின்கரைக்கு. ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து வெளியே வந்ததும் கண்ணில் பட்டது, ஈர ரோட்டில் ஒரு சொட்டு எண்ணெய். வானவில் நிறமாக விரிந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

எனக்குப் பின்னால் அல்ல, எனக்கு முன்னால்.

வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். மழை நின்ற பிறகு விழுந்தது, இல்லையென்றால் தண்ணீர் கொண்டுபோயிருக்கும். கருப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லாரன்ஸ்தான், வேஸ்ட் ஆயிலை ஒரு டப்பாவில் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் போகிறார், ஊரைக் கூட்டி என்னை நாணம் கெடுத்தப் பார்க்கிறார், இன்றைக்குப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். அப்போது அது எனக்கு முழு நியாயமாகப் பட்டது.

முக்கில் அந்தச் சொட்டு நெய்யாற்றின்கரைப் பக்கம் போகாமல் காரக்கோணம் ரோட்டில் திரும்பியது. நானும் திரும்பினேன். வேகத்தடை வந்த இடங்களில் இரண்டு மூன்று சொட்டு சேர்ந்து கிடந்தது, வண்டி குலுங்கினால் விழுவது போல. சொட்டுகள் நம் பக்கத்து ரோட்டின் நடுவில் ஒரே நேராக விழுந்திருந்தன, ஸ்கூட்டர் பள்ளத்துக்கு ஒதுங்கி வளைந்து போகிற மாதிரி இல்லை. இதெல்லாம் என் கண் பார்த்தது, தொழில் பழகின கண் பார்க்காமல் இருக்குமா. மனசுதான் வாங்கிக்கொள்ளவில்லை. காரக்கோணம் தாண்டினதும் ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன ரோட்டில் சொட்டுகள் இறங்கின. அந்த இறக்கத்தின் முடிவில் ஒரு ஏற்றம். ஏற்றத்தில் பாதி போனபோது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது. கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டுக்குட்டி மாதிரி முக்கி முனகி, ஏற்றத்தின் தலைப்பில் ஒரு திறந்த கேட்டுக்குள் உருட்டிவிட்டேன். சொட்டுகளும் அந்தக் கேட்டுக்குள்தான் போயிருந்தன.

வீட்டிலிருந்து ஒரு அம்மை வந்தார், ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூட டீச்சர் என்று பிறகு தெரிந்தது. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் வரவேற்பு ஒன்றும் இல்லை.

"இப்ப வந்துட்டு, பின்னயும் எதுக்கு வாறீங்க?"

நான் இப்போதுதான் முதல் தடவையாக வருகிறேன் என்றேன்.

"பத்து நிமிஷம் முந்தி வந்தது பின்ன யாரு? இந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா, நான் கேட்டு வளர்ந்த சத்தமாக்கும். ஷெட்டுக்க உள்ள வந்து நின்ன மாதிரி கேட்டுது. நான் வந்து பாக்கும்போ ஆளும் இல்ல, வண்டியும் இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, டாக்டர் வண்டி வாங்கின வீடு இது. டீச்சருடைய அப்பா எஸ்டேட் மேனேஜராக இருந்தவர், வண்டி அவருடையது, அவர் இறந்து பதினோரு வருடம். நான் எதையோ திருட வந்தவன் என்று டீச்சர் நினைக்கிறார், டீச்சரும் லாரன்ஸும் சேர்ந்து என்னை வைத்துக் கூத்தாடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். ஷெட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். பூட்டு துருவேறியிருந்தது, அவர்தான் இடுப்பிலிருந்து சாவி எடுத்துத் திறந்தார். உள்ளே தரையின் நடுவில், வண்டி நின்றால் அந்த ஓட்டை எந்த இடத்துக்கு மேலே வருமோ அந்த இடத்தில், கருப்பு எண்ணெய் தேங்கிக் கிடந்தது. ஓரத்தில் இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

டீச்சரின் குரல் தாழ்ந்துவிட்டது. "வண்டி போன பிறகு நானாக்கும் இத மரத்தூள் போட்டுத் துடைச்சது. யாரு திறந்தது?"

கை சும்மா இருக்க முடியாமல், வெளியே வந்து சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். நான் அடைத்த களிம்பை ஸ்க்ரூடிரைவரால் குத்தி உடைத்தேன். முகத்திலும் கழுத்திலும் எண்ணெய் கொட்டியது, ஒரு டம்ளருக்கு மேல் இருக்கும். தேன் நிறம். உள்ளேயே தேங்கிக் கிளட்சை முக்கியிருக்கிறது. லாரன்ஸ் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. சொட்டைப் பின்தொடராமல் பெரிய ரோட்டில் ஏறியிருந்தால், பாலத்தில், பின்னால் லாரி வரும்போது அது வழுக்கியிருக்கும். டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்த ஓட்டையில் அப்பா ஒரு ஸ்பிளிட் பின்னை, இரண்டாக மடித்த கம்பி ஊசியை, தொங்க விட்டிருப்பார், வண்டி ஓடும்போது அது ஆடி ஆடி ஓட்டை அடையாமல் பார்த்துக்கொள்ளும் என்றார். வண்டிக்கும் மூத்திரம் போக வேண்டும், அடைத்தால் ஆளைக் கொல்லும் என்று அவர் சொல்வாராம்.

அந்த முற்றத்தில் நின்றே லாரன்ஸுக்குப் போன் செய்தேன். முதலில் கேட்டது என்ன தெரியுமா, வெட்கத்தோடு சொல்கிறேன், நீ எங்கே நிற்கிறாய் என்றுதான்.

"வீட்டு முன்னால மணல்சாக்கு அடுக்குதோம், விடியக்காலத்துல இருந்து. ஏன், ஒனக்க புதுப் பூட்டு காணாம போச்சா?"

பின்னால் கடல் இரைகிறது, பெண்கள் சத்தம் போடுகிறார்கள். அடைப்பை உடைத்ததையும் எண்ணெய் கொட்டியதையும் சொன்னேன்.

"கலரு?"

"தேன் கலரு."

"அப்ப தரையில கிடந்த கருப்பு?"

"தெரியல லாரன்ஸு."

"கிளட்சு நனைஞ்சு கிடக்கும், ஓட்டாண்டாம், வேற வண்டியில கெட்டி இழுத்துக் கொண்டு போ. திங்கள்கிழமை வந்து இறக்கித் தாறேன்."

வந்தார். எஞ்சினை இறக்கி, பின்பக்க சீலை மாற்றி, கிளட்சைக் கழுவி, அந்த ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின்னையும் தொங்க விட்டார். நான்கு நாள் ஒரே வண்டிக்கு அடியில் இரண்டு பேரும் கிடந்தோம், ஸ்பானர் நம்பரைத் தவிர அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த நான்கு நாளும் கருப்பு எண்ணெய் விழவில்லை. கண்காட்சி தப்பிப்போனதில் டாக்டருக்கு முகம் வாடியது, ஆனாலும் கீழே ஒரு சொட்டுகூட இல்லை என்று பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பிற்பாடும் அது ஒழுகவில்லை.

டாக்டர் போன பிறகு, சாயங்காலம் நான்கு மணி இருக்கும், லாரன்ஸ் கை கழுவிக்கொண்டிருந்தார். செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும், நாளைக்கு எப்போதும் போல நீயே வந்து திற என்று புதுச் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீ வியாழக்கிழமைதானே முதல்ல பாத்த? செவ்வாய்க்கிழமையும் கிடந்துது, புதன்கிழமையும் கிடந்துது. நான் துடைச்சுக் களஞ்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஊத்துதியோன்னு நினைச்சேன். எனக்க தலையில ஒரு பழிய வச்சு, என்னை வெளிய ஆக்கப் பாக்கியோன்னு."

அவர் துண்டால் விரல் விரலாகத் துடைத்தார்.

"நீ என்னை நினைச்ச, நான் ஒன்னை நினைச்சேன். ரெண்டு பேரும் ஊத்தலங்கது இப்ப தெரிஞ்சுபோச்சு. ஆனா நினைச்சது நினைச்சதுதானே மக்கா. இனி ஒரு கூரைக்க கீழ நாம நிக்காண்டாம்."

போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. உங்கள் மாமன் இப்போது நம் வீட்டுக்கு வராததற்கு இதுதான் காரணம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்காவது பார்த்தால் கும்பிட்டுப் பேசுங்கள்.

ஸ்கூட்டர் சத்தம் அடங்கின பிறகு நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். வெளியே நல்ல வெளிச்சம். வண்டி நின்ற இடம் காலியாக, காய்ந்து கிடந்தது. ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள், அந்த இடத்தில் தரையில் மல்லாந்து படுத்தேன், வண்டி மேலே நின்றால் எப்படிப் படுப்பேனோ அப்படி. மேலே கூரைத் தகரம் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஓட்டை வருகிற இடத்துக்கு நேராக வலது உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கிடந்தேன். உள்ளங்கையில் ஏதோ பட்டது போல இருந்தது, மனப்பிராந்தியாகவும் இருக்கலாம். விரல்களை மடக்கிக்கொண்டு எழுந்தேன். அப்படியே குழாயடிக்குப் போய், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் என்ன நிறத்தில் ஓடியது என்று நான் பார்க்கவில்லை.